தண்டவாளப் பொருத்தம்

கேள்வி: வேட்டைத் துப்பாக்கியின்மேல் தொலைநோக்கியைப் பொருத்துவதற்கான வீவர், பிக்கட்டினி என்னும் தண்டவாளங்கள் இரட்டைப் பிள்ளைகளாகத் தோன்றுகின்றனவே, ஒன்றுக்கு வாங்கிய, தொலைநோக்கியைத் தாங்கும் வளையம் மற்றொன்றுக்குச் சேருமா?

பதில்: சேரும், ஆனால், பெரும்பாலும் ஒரு திசையில் மட்டும். அமெரிக்காவின் வீவர் நிறுவனத்தார் வழக்கில் கொணர்ந்த தண்டவாளத்தில், குறுக்கே வெட்டிய பள்ளங்களின் அகலம் 0.180 அங்குலமாக இருக்க, பள்ளங்களுக்கிடையேயான தூரமோ யாதொரு நியமமுமின்றிச் செய்தவர் சித்தம்போல் அமைந்திருந்தது. இந்த ஸ்வாதந்திரியத்தைச் சகியாத அமெரிக்க ராணுவம், நியூ ஜெர்சியிலுள்ள பிக்கட்டினி ஆயுதசாலையின் பெயர் விளங்க, அகலம் 0.206 அங்குலம், மையத்துக்கு மையம் 0.394 அங்குலம் என்று 1995இல் சாஸ்திரோக்தமாகப் பிரமாணம் விதித்துவிட்டது. ஆகவே, வீவர் வளையத்தின் மெலிந்த குறுக்காணி பிக்கட்டினியின் விசாலமான பள்ளத்தில் சௌகரியமாக அமரும். பிக்கட்டினி வளையத்துக் குறுக்காணியின் ஸ்தூல சரீரமோ வீவர் பள்ளத்தில் இறங்க மறுக்கும். (அமர்த்திய வளையத்தைக் குழல்முனைப் பக்கமாகத் தள்ளிவைத்துத் திருகாணியை முடுக்குவது உத்தமம்; இல்லையேல், சுடும் அதிர்ச்சியில் தொலைநோக்கி யாத்திரை புறப்பட்டுவிடும்.) காற்றுத் துப்பாக்கிகளில் காணும் 11 மில்லிமீட்டர் சாய்விளிம்புத் தண்டவாளம் வேறு கோத்திரம், அதற்குத் தனி வளையமே வேண்டும். புதிதாக வாங்குவோர் பிக்கட்டினித் தண்டவாளத்தையே வாங்குக.