செட்டிநாட்டு வளவும் நட்சத்திரக்குறி சப்டொமைனும்: ஓர் ஆய்வு

ஒரே முகவரியின் கீழ் எத்தனை பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும் வைல்டுகார்டு முறையை, 1983 நவம்பரில் பால் மோக்கபெட்ரிஸ் ஆர்எஃப்சி 882 என்னும் இணைய ஆவணம் வழியாக உலகுக்கு அளித்தார் என்பர் மேலை அறிஞர். காரைக்குடியில் ஒரு வளவு வீட்டையாவது எட்டிப் பார்த்திருந்தால் இப்படிச் சொல்ல வாய் வந்திராது. வெளியே முகப்பு ஒன்று, விலாசம் ஒன்று. உள்ளே கல்யாணமான மகனை வேறு வைத்ததும் தனி அறை, தனி அடுப்பு, கோயில் கணக்கில் தனிப் புள்ளி. எனவே கோட்பாடு நம்முடையதே. (சான்று: எம் பரணிலுள்ள தகரப்பெட்டி. சாவி ரங்கூனில்.)

இனி வீட்டில் சர்வர் வைத்திருப்போரின் வகைப்பாடு. நிலையான ஐபி உடையோர் செல்வர், ஆய்வுக்கு உரியரல்லர்.

மாறும் ஐபி உடையோர் நாம். கரண்ட் போய் வந்து ரவுட்டர் எழுந்தால் முகவரி மாறியிருக்கும். வீட்டு சர்வரில் ஓடும் சிறு நிரல் புதிய முகவரியை டைனமிக் டிஎன்எஸ் சேவைக்குச் சொல்லிவிடும். டிடிஎல்லை 60 வினாடி என்று வைத்தால் ஊரும் பழையதைச் சீக்கிரம் மறக்கும்.

நட்சத்திரக்குறி பெயரின் இடக்கோடியில் நிற்கும். 'படம்', 'பாட்டு', 'ஆச்சிசமையல்' என எதைக் கேட்டாலும் ஒரே விடை. வந்தவரை எந்த அறைக்கு அனுப்புவது என்பது ரிவர்ஸ் பிராக்சியின் பாடு. கேள்வி எதுவானாலும் விடை ஒன்றே என்னும் இவ்வியல்பு கருத்தரங்கத் தலைமையுரைகளிலும் காணப்படுகிறது. யார் யாரிடம் கடன் வாங்கினார் என்பது தனி முனைவர் பட்டத்துக்குரியது.

தலையாய சிக்கல் ஆளில்லா வீடு. 2006இல் வந்த ஆர்எஃப்சி 4592 சொல்வது இது: ஒரு பெயருக்குத் தனக்கென்று பதிவே இல்லாவிட்டாலும், அதன் கீழ் ஏதேனும் இருந்தால் அப்பெயர் 'இருக்கிறது'. நட்சத்திரக்குறி அதற்காகப் பேசாது. 'படம்' என்பதற்கு மட்டும் லெட்ஸ் என்கிரிப்டில் சான்றிதழ் வாங்க, அதன் கீழே '_ஆக்மி-சேலஞ்ச்' என்று ஒரு டிஎக்ஸ்டி பதிவைப் போட்டு அழிக்க மறந்தால், படம் திறக்காது, பாட்டு பாடும். கானாடுகாத்தான் தெருக்களில் இதைக் கண்ணால் காணலாம். முதலாளிகள் சென்னையில், சிங்கப்பூரில். பின்கட்டில் காவல்காரர் மட்டும். முகப்பில் எவ்வளவு கூப்பிட்டாலும் பதில் வராது. ஆனாலும் வீடு காலி என்று வேறு யாரும் நுழைய முடியாது. இந்நுட்பம் எம்மிடமுள்ள சுவடியின் கறையான் அரித்த பகுதியில் விரிவாக இருந்ததைக் கறையானின் வழித்தடத்தைக் கொண்டு நிறுவியுள்ளோம். இதை மறுத்த பேராசிரியர் சுவடியைப் பார்த்ததில்லை. எம் அடிக்குறிப்பைப் பார்த்தே மறுத்தார். அம்மறுப்பை மேற்கோள் காட்டியவர்கள் அதையும் பார்த்ததில்லை. துறை இவ்வாறே வளர்கிறது.

பரிகாரம் எளிது. 2018 முதல் இலவசமாகக் கிடைக்கும் வைல்டுகார்டு சான்றிதழ் ஒன்றே போதும். அது ஒரு கட்டு வரைதான் செல்லும்; இரண்டாம் கட்டுக்கு வேறு வாங்க வேண்டும்.

வாசகர் இதில் இறங்குமுன் ரவுட்டரில் வேன் முகவரியைப் பார்த்துவிடவும். அது 100.64 முதல் 100.127 வரையிலான ஏதோ ஒன்றில் தொடங்கினால், இணைய நிறுவனம் உங்களையும் ஊராரையும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்திருக்கிறது. போர்ட் 443ஐ எவ்வளவு திறந்தாலும் ஐபிவி4 வழியாக வெளியிலிருந்து ஆள் வராது. முதலில் பொது ஐபி கேட்டு மனுப் போடவும்.