கொடுத்த காசுக்கு ஒரு குமுறல்

கிழக்கு ஜாவாவின் ப்ரோமோ எரிமலைக்கு வருகிற கூட்டத்தில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். கிளம்பும் முன் "ஆபத்து ஒன்றும் இல்லையே?" என்று ஊரெல்லாம் விசாரித்தவர், வந்து சேர்ந்தபின் "என்ன, ஒன்றுமே நடக்கவில்லையே?" என்று ஜீப் ஓட்டுநரைக் குடைபவர். ஜகார்த்தாவிலிருந்தும் வருவார், கோலாலம்பூரிலிருந்தும் வருவார், ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் வருவார். ஊர்தான் வேறு, ஆசாமி ஒருவர்தான்.

இந்தோனேசியாவில் எரிமலைகளின் எச்சரிக்கைக்கு நான்கு படிகள் உண்டு. ப்ரோமோ பெரும்பாலும் இரண்டாவது படியில் உட்கார்ந்திருக்கும். இதை நம்மவர் இரண்டு விதமாகச் சொல்வார். வீட்டில்: "ரெண்டாவது படிதான், பயப்படாதே." அலுவலகத்தில்: "இன்னும் ரெண்டே படிதான் பாக்கி!"

மலையின் குளிரை மட்டும் அவர் விசாரித்திருக்க மாட்டார். பூமத்திய ரேகை பக்கத்திலேயே இருக்கிறது, போதாக்குறைக்கு எரிமலை வேறு. எப்படிக் குளிரும் என்பது அவர் கணக்கு. ஆகவே சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் செமோரோ லாவாங் கிராமத்தில் அரைக்கால் சட்டையோடு வந்து இறங்குவார். ஜூலை, ஆகஸ்ட் இரவுகளில் இங்கே குளிர் பூஜ்யம் டிகிரி வரைக்கும் போய், விடிகிறபோது புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும். பத்தாவது நிமிடம் அவர் வாடகை ஜாக்கெட்டுக்குள் இருப்பார். ஜிப் பாதியில் நின்றுவிடும். பையில் கைவிட்டால் முந்தையவர் தின்ற மிட்டாய்க் காகிதம். எதிரே உள்ளூர்த் தெங்கர் இனத்து விவசாயி ஒருவர் சாரத்தைத் தோளில் சுற்றிக் கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, கிராம்பு சிகரெட் புகைத்தபடி முட்டைகோஸ் மூட்டையை ஏற்றிக்கொண்டிருப்பார். நம்மவர் பல்லடிக்கும் சத்தம் கேட்டு ஒரு முறை திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான்.

அதிகாலை மூன்று மணிக்கு ஜீப். 2,770 மீட்டர் உயரப் பெனஞ்சாகானில், நூற்றுக்கணக்கான செல்பேசிகளுக்குப் பின்னால் சூரியன் உதிக்கும். கீழே பெரும் பள்ளம், அதில் பனிமூட்டம், நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு கச்சிதமான கூம்பு. "ஆகா, ப்ரோமோ!" என்று அதையே படம் எடுத்துத் தள்ளுவார். அது பாத்தோக்; அணைந்து போய்ப் பல காலம் ஆன மலை. அதற்குப் பின்னால் தொலைவில் புகையை விட்டுக்கொண்டு நிற்பது ஜாவாவிலேயே உயரமான செமெரு. பாத்தோக்குக்குப் பக்கத்தில் தலை பறந்து, குட்டையாக, வாயைப் பிளந்துகொண்டிருப்பதுதான் ப்ரோமோ. ஓட்டுநர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். சொன்னால் எல்லாப் படத்தையும் மறுபடி எடுப்பார், நேரமாகும்.

அப்புறம் அந்தப் பள்ளத்தில் இறங்கினால் மணல் கடல். குதிரைக்காரரோடு பேரம். "நடந்தே போவேன்" என்று வீறாப்பாகக் கிளம்பி, கணுக்கால் வரை சாம்பல் மணலில் புதைந்து, பாதி வழியில் முழுக் கூலிக்கே குதிரை ஏறுவார். அதற்கு மேல் சுமார் 250 படிகள். விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பார். உள்ளே வெள்ளைப் புகை. கந்தக நெடி தொண்டையைப் பிடிக்கும். அடியிலிருந்து ஓயாமல் ஓர் இரைச்சல்.

"நெருப்புக் குழம்பு எங்கே தம்பி?"

"இங்கே அது வராது சார். வாயு வரும், சாம்பல் வரும், சில சமயம் கல் வரும்."

"கல்லாவது வருமா?"

2004 ஜூனில் வந்தது. அன்று பறந்த கற்கள் இரண்டு பேரின் உயிரைக் குடித்தன. ஓட்டுநர் அதைச் சொன்னதும் நம்மவர் முகத்தில் பயமும் திருப்தியும் சேர்ந்து வரும். இரண்டடி பின்வாங்கி நின்று, ஒரு செல்ஃபி.

மலை நெருப்புக் காட்டாவிட்டால் காட்ட ஆள் வைத்திருக்கிறோம். 2023 செப்டம்பரில் கல்யாணப் படப்பிடிப்புக்கு வந்த ஒரு கோஷ்டி, பின்னணி எடுப்பாக இருக்கட்டும் என்று வாணம் கொளுத்தியது. காய்ந்து கிடந்த புல்வெளியில் தீப்பிடித்து, நூற்றுக்கணக்கான ஹெக்டேர் கருகியது. ப்ரோமோ அந்த வாரமும் வழக்கம் போலப் புகை மட்டும் விட்டுக்கொண்டிருந்தது.

இந்த மலையடியில் வாழ்கிற தெங்கர் இந்துக்களுக்கு ஆசையே வேறு. பிள்ளையில்லாமல் வேண்டிக்கொண்டு இருபத்தைந்து பிள்ளைகள் பெற்ற ரோரோ அந்தெங்கும் ஜோகோ செகெரும் கடைசிப் பிள்ளையை மலைக்குக் கொடுத்ததாகக் கதை. அதை நினைத்து ஆண்டுதோறும் கசாதா இரவில் உருளைக்கிழங்கு, கோழி, ஆடு எல்லாம் எரிமலை வாயில் போடுகிறார்கள். உள்சரிவில் வலையோடு நின்று அவற்றைப் பிடித்துக்கொள்ளவும் ஆட்கள் உண்டு. சாமிக்கும் சேதமில்லை, ஆசாமிக்கும் சேதமில்லை. வேண்டுதல் ஒன்றுதான்: ஊர் நன்றாக இருக்கட்டும், மலை சும்மா இருக்கட்டும். அந்த மலை சும்மா இருக்கிறதே என்றுதான் நம்மவருக்கு வயிற்றெரிச்சல்.

ஓட்டுநரின் வேண்டுதல் இரண்டுக்கும் நடுவில். 2010 கடைசியில் மலை நிஜமாகவே பொங்கியபோது தோட்டமெல்லாம் சாம்பல் மூடியது; வழியை அடைத்தார்கள்; ஜீப்புக்கும் வேலையில்லை, குதிரைக்கும் வேலையில்லை. "தினமும் கொஞ்சம் புகை விட்டால் போதும் சார். அதிகமானால் நீங்கள் வர முடியாது. நின்றுபோனால் நீங்கள் வர மாட்டீர்கள்."

நம்மவர் இதைக் கவனிக்கவில்லை. கைபேசியில் தன் மதிப்புரையை எழுதிக்கொண்டிருந்தார்: "குளிர் அபாரம். இஞ்சி டீ பரவாயில்லை. எரிமலைக்கு மூன்று நட்சத்திரம். இன்னும் கொஞ்சம் முயற்சி செய்திருக்கலாம்."