கும்பகர்ணன் கட்சி

எங்கள் வீட்டில் என் பெயர் கும்பகர்ணன். சூட்டியவள் மனைவி, வழிமொழிந்தவர் மாமியார். செய்த குற்றம், இரவு பத்து மணிக்குப் படுத்துவிடுவது. எதிர்வீட்டுப் பையன் இரண்டு மணிவரை விளக்கெரித்துப் படிக்கிறானாம், அவன்தான் உருப்படுவானாம்.

எனக்கோ அந்தப் பையனை நினைத்தால் பாவமாக இருக்கிறது. பகலில் படித்ததை மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி தற்காலிகமாகத்தான் வாங்கி வைக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் அதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துதான் மூளை நிலையாகப் பதித்துக்கொள்கிறது. ராத்திரி முழுக்க விழித்துவிட்டுப் பரீட்சை ஹாலில் விட்டத்தைப் பார்ப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

விழிப்பதில் சாதனை படைத்தவனும் உண்டு. அமெரிக்காவின் சான் டியேகோவில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவன், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக 264 மணி நேரம் தூங்காமல் இருந்து, 1964 ஜனவரியில் முடித்தான். கடைசி நாளில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். 65-இல் நின்றுவிட்டான். ஏனப்பா என்றால், என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது என்றான். மாதக் கடைசியில் எங்கள் ஆபீஸ் கணக்குப் பிரிவிலும் இதே பதில்தான்.

"அதான் காபி இருக்கே" என்பார் மாமியார். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து கண்ணைச் சொக்க வைக்கும். காபி அதைத் துரத்துவதில்லை. அது உட்கார வேண்டிய நாற்காலியில் துண்டு போட்டு வைக்கிறது, அவ்வளவுதான். அடினோசின் நின்றுகொண்டே காத்திருக்கும்.

தூங்கும்போது மூளை தன் கழிவை அலசி வெளியேற்றுகிறது என்று 2013-இல் எலிகளை வைத்து நெடர்கார்ட் என்ற ஆய்வாளரின் குழு சொன்னது. 2024-இல் வேறொரு குழு, எலிகளை வைத்தே, இல்லை என்றது. அவர்கள் பேசி முடிக்கட்டும். எலிகளும் நானும் அதுவரை தூங்குகிறோம்.

பட்டப்பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. சீதையை விட்டுவிடு என்று ராவணனுக்குப் புத்தி சொன்னவர்களில் கும்பகர்ணனும் ஒருவன். அத்தனை பேர் விழித்திருந்த இலங்கையில், தூங்கி எழுந்தவனுக்குத் தெளிவு இருந்தது. மனைவி இதைக் கேட்டுவிட்டு, "சொன்னதை யார் கேட்டா?" என்றாள். நியாயம்தான்.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ போட்டு 'இனிய இரவு' அனுப்பும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதைப் பத்து மணிக்குள் அனுப்பிவிடுங்கள்.