மிட்டாய் தவிர எது வேண்டுமானாலும்

பேத்திக்கு ஆறு வயது, மூன்று பல் சொத்தை. அடையாறில் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் திரும்பும்போதே மகள் போன் செய்தாள். “அப்பா, இனிமே புள்ளைங்களுக்கு ஒரு மிட்டாய்கூட வாங்கித் தரக் கூடாது. மிட்டாய் தவிர வேற எது வேணும்னாலும் குடுங்க.” குற்றவாளி யாரென்று அவள் சொல்லவில்லை. என் சட்டைப் பையைத் துவைக்கும் வாஷிங் மெஷினுக்கே அது தெரியும்.

தடை வந்த நேரம்தான் சரியில்லை. 2025 ஏப்ரல். 11 பங்குனி உத்திரம், 14 சித்திரை முதல் நாள், 20 ஈஸ்டர். பத்தே நாளில் மூன்று பண்டிகை. மயிலாப்பூர்க்காரன் வீட்டில் ஈஸ்டர் எங்கே வந்தது என்றால், சாந்தோமிலிருந்து வந்தது. என் பழைய ஆபீஸ் நண்பர் அங்கேதான் இருக்கிறார். தீபாவளிக்கு நான் அதிரசம் அனுப்புவேன். ஈஸ்டருக்கு அவர் ஒரு மூங்கில் கூடையில் சாக்லேட் முட்டை வைத்து அனுப்புவார். முப்பது வருஷத்துப் பண்டமாற்று.

தடையைச் சொன்னதும் ஆடிப்போய்விட்டார். “கொழுக்கட்டை இல்லாம பிள்ளையார் சதுர்த்தியா சார்?” பிறகு அவரே தேறிக்கொண்டு சரித்திரத்தை எடுத்தார். அந்தக் காலத்து ஐரோப்பாவில் தவக்காலம் முடியும்வரை முட்டையைத் தொடக் கூடாது. இந்த விதி கோழிகளுக்குத் தெரியாது. அவை பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருந்தன. குவிந்ததையெல்லாம் அவித்து, சாயம் பூசி, ஈஸ்டரன்று பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். சாக்லேட் முட்டையெல்லாம் பிற்பாடு வந்த நாகரிகம். இங்கிலாந்தில் ஃப்ரை கம்பெனி அதைச் செய்ததே 1873-ல்தான். “ஆக, சம்பிரதாயப்படி பார்த்தா நாலு அவிச்ச முட்டை அனுப்பினாலே போதும்” என்று முடித்தார். எங்கள் வீடு சைவம் என்பதை நினைவுபடுத்தினேன்.

கூடையில் வைக்க வேறு பரிசு தேடி இருவரும் முதலில் தி. நகர் போனோம். ரங்கநாதன் தெருவில் நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய் ஒரு பாத்திரக் கடையில் இறக்கிவிட்டது. நண்பர் ஒரு எவர்சில்வர் டப்பாவைத் தட்டிப் பார்த்து, பேரும் வெட்டித் தருவார்களாம் என்றார். ஆறு வயதுக் குழந்தைக்குப் பேர் வெட்டிய எவர்சில்வர் டப்பா! சீமந்தத்துக்கா வந்திருக்கிறோம்? பென்சில் பாக்ஸ் வேண்டாமென்று நான் சொன்னேன். பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்டாகப் பென்சில் பாக்ஸ்கள் நவராத்திரி ரவிக்கைத் துணி மாதிரி ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நான் கொடுத்த ஒன்று, மூலையில் அதே கீறலோடு, எட்டு மாதத்தில் என்னிடமே திரும்பி வந்திருக்கிறது.

கடைசியில் கதி கபாலீஸ்வரர்தான். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர். பாம்பு கடித்து இறந்துபோன பூம்பாவையைச் சம்பந்தர் பதிகம் பாடி, குடத்துச் சாம்பலிலிருந்து எழுப்பிய ஐதீகம் நடப்பதும் அன்றுதான். “உயிர்த்தெழுதல் உங்க பக்கமும் உண்டு பாருங்க” என்றார் நண்பர். வருஷா வருஷம் சொல்வார். நானும் வருஷா வருஷம் முதல் தடவை கேட்பதுபோல் தலையாட்டுவேன்.

இனிப்பில்லாப் பரிசு தேடிப் போன எங்கள் கையில் பத்தடிக்கு ஒருவர் பானகத்தைத் திணித்தார்கள். அடுத்த பந்தலில் ரோஸ்மில்க், அதற்கடுத்ததில் கேசரி. மறுத்தால் சாமி குற்றம். எனக்கும் சர்க்கரை, அவருக்கும் சர்க்கரை. இரண்டு பேர் மகள்களும் ஊர்வலத்தில் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு குடித்தோம்.

மாட வீதி நெடுக தரையில் விரித்த கடைகள். பம்பரம், ஊதல், காத்தாடி, சோப்புக் குமிழி, மரச் சொப்பு, இழுத்தால் மேளம் அடிக்கும் டகடக வண்டி, தள்ளினாலும் விழாமல் நிமிரும் தஞ்சாவூர் பொம்மை. நண்பரை மயக்கியது தகரப் படகு. அதன் வயிற்றில் ஒரு சின்னத் தகரப் பெட்டி, அதிலிருந்து பின்பக்கம் இரண்டு குழாய். குழாயில் தண்ணீர் நிரப்பி, அடியில் மெழுகுத் துண்டைக் கொளுத்தினால் ஆவி தண்ணீரைப் பின்னால் தள்ளும். ஆவி குளிர்ந்ததும் தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுக்கும். தள்ளும்போது ஒரே திசையில் பீய்ச்சும், இழுக்கும்போது நாலா பக்கத்திலிருந்தும் வரும். அந்த வித்தியாசத்தில் படகு டபடபவென்று முன்னேறும். கடைக்காரர் பிளாஸ்டிக் பேசினில் ஓட்டிக் காட்ட, நண்பர் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டது.

ஈஸ்டரன்று சாந்தோம் கூடை, மயிலாப்பூர் சரக்கோடு, அடையாறு போய்ச் சேர்ந்தது. மகள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஊதல் பரண்மேல் போனது, மாப்பிள்ளைக்கு வீட்டிலிருந்து ஆபீஸ் வேலையாம். டகடக வண்டி கீழ்வீட்டுக்காரர் வந்து பெல் அடித்ததும் ஓய்வுபெற்றது. படகில் நெருப்பு. பம்பரத்தில் ஆணி. குமிழி வழுக்கும். “எது வேணும்னாலும்” என்று அவள் சொன்னதைச் சுருக்கிப் பார்த்தால் ஒரு பல்லாங்குழி மிஞ்சியது.

அதை மட்டும் அவளே தரையில் வைத்து, எதிரே உட்கார்ந்துகொண்டாள். சின்ன வயதில் பாட்டியோடு ஆடியவள்; அப்போதே கள்ளாட்டம். பதினாலு குழி, குழிக்கு ஐந்து, மொத்தம் 70 சோழி வேண்டும். நான் வாங்கிய பொட்டலத்தில் இருந்தது 50. புளியங்கொட்டை போடலாமென்றால், அந்த வீட்டில் புளியே பேஸ்டாக பாட்டிலில்தான் வருகிறது.

“என்கிட்ட இருக்கு” என்று பேத்தி உள்ளே ஓடினாள். முந்தின வாரம் பக்கத்து ஃப்ளாட் பிறந்தநாளில் கிடைத்த ரிட்டர்ன் கிஃப்ட் பையைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து வந்து கவிழ்த்தாள். ஜெம்ஸ். சிவப்பு, பச்சை, நீலம் என்று எண்ணி 20 மிட்டாய் குழிகளில் விழுந்தது. மகள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஆட்டம்தான் பாதியில் நிற்கிறதே என்று அவளும் விட்டுவிட்டாள்.

பல்லாங்குழியில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது ‘பசு’. குழிக்கு உரியவர் அள்ளிக்கொள்ள வேண்டும். மூன்றாவது சுற்றில் பேத்தி பக்கம் நாலு சேர்ந்தது. இரண்டு சோழி, இரண்டு ஜெம்ஸ். “பசு!” என்று கத்தினாள். சோழியை மடியில் போட்டுக்கொண்டாள். மற்ற இரண்டையும் வாயில் போட்டுக்கொண்டாள்.