'லாகிறது' என்னும் வினையின் தோற்றமும் பரவலும்: கல்வராயன் மலையடிவாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

அலுவலகக் கடிதத்தைச் சுருக்கமாக எழுதுவது எப்படி என்று விளக்கும் நூல்கள் தடிமனானவை. எனவே இவ்வாய்வாளர் அவற்றைப் படிக்கவில்லை.

ஆய்வுக்களம், 26.11.2019 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டம். ஆய்வுப்பொருள், கல்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் இருப்பதாக நாம் கொள்ளும் ஒரு தண்ணீர் மோட்டார். அது எரிந்துவிடுகிறது. "மோட்டார் பொகைஞ்சு போச்சு" என்று மூன்று சொல்லில் ஊர் அதை முடித்துவிடுகிறது. அதே சேதி கடிதமாகி மலை இறங்கும்போது என்ன ஆகிறது என்பதே கேள்வி.

மலை சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரண்டாக இருப்பதுபோல அலுவலக வாக்கியமும் இரண்டு. சின்னது: "பெறப்பட்டது." இதில் ஆராய ஒன்றுமில்லை. பெரியதில் எழுவாயைக் கச்சிராயபாளையத்தில் பஸ் ஏற்றிவிட்டால், பயனிலை வெள்ளிமலையில்தான் இறங்கும். நடுவே வரும் 'ஆனபடியாலும்', 'மேற்படி', 'எனத் தெரியவருவதாலும்' எல்லாம் கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு யாராவது வாந்தி எடுப்பது வழக்கம் (காண்க: டீக்கடையில் வடை மடித்த தாள், எண்ணெய் ஊறாத பகுதி).

கடிதத்தின் தலையில் வரும் 'பொருள்' ஒரு வரி. 'பார்வை' அப்படியல்ல. பார்வை ஒன்றில் ஒரு கடிதம், இரண்டில் அதற்கு வந்த நினைவூட்டு, மூன்றில் நினைவூட்டுக்கு வந்த விளக்கம் என்று ஏழு தலைமுறை அங்கே வரிசையில் நிற்கும். மாவட்டம் பிரிந்தபின் விழுப்புரத்து மூதாதையரும் சேர்ந்துகொண்டனர். கல்யாணப் பத்திரிகையில்கூட இத்தனை பெரியப்பாக்கள் இருக்கமாட்டார்கள்.

இனி மைய இயல். "அனுப்பலாகிறது", "தெரிவிக்கலாகிறது", "கோரலாகிறது." அனுப்பல் தொழிற்பெயர், ஆகிறது வினை என்று பள்ளி இலக்கணம் பிரிக்கும். அது பிழை. 'லாகிறது' ஒரே சொல். செய்தவர் இல்லாமலே செயல் நடந்துவிடும் அற்புதத்தைக் குறிப்பது. மழை பெய்கிறது என்றாலாவது மழை இருக்கிறது. கடிதம் அனுப்பலாகிறது என்னுமிடத்தில் அனுப்பியவர் எங்கே? கையெழுத்து இருக்கிறதே என்பீர்கள். அதை யாரும் படிக்க முடியாது. இதற்குத் 'தப்பிப்பு வினை' எனப் பெயரிடுகிறேன். இதை வைத்து முனைவர் பட்டம் வாங்குவோர் அடிக்குறிப்பில் என் பெயரைச் சொல்லமாட்டார்கள் என்பதும் தெரியும்.

தோற்றம் பற்றி இரு கருத்துகள். 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பின், 'இட் இஸ் சப்மிட்டட்' தன் நாற்காலி மேசையோடு தமிழுக்குக் குடிவந்தது என்பது ஒன்று (பழைய கோப்பு நாடா, இரண்டாம் முடிச்சு). மோட்டார் ஏன் எரிந்தது என்று யாரோ கேட்ட நாளில் பிறந்தது என்பது மற்றொன்று (பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் விழுந்த தாள், கரையான் பதிப்பு; வலப்பாதியைக் கரையான் தின்றுவிட்டதால் கருத்து தெளிவாக உள்ளது. ஒப்பிடுக: அதே தாளின் நகலுக்கு நகல், மை தீர்ந்த பிரதி, முழுவதும் வெள்ளை, இத்துறையில் பிழையற்ற ஒரே ஆவணம்).

எதிர்ச்சான்றும் இதே வட்டாரத்தில் உண்டு. திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981இல் கிடைத்த தமிழ்பிராமிக் கல்வெட்டு ஒரே வரி. சத்தியபுத்திரன் அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்பதே சேதி. கொடுத்தவர் பெயர் இருக்கிறது, கொடுத்தது இருக்கிறது, 'லாகிறது' இல்லை. அசோகர் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் கூடவே வரும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிக் குவித்த சண்டையை அந்த ஒரு வரி தீர்த்துவைத்தது. அது தீர்த்துவைத்ததை விளக்கி அவர்கள் மறுபடியும் எழுதினார்கள்.

இறுதியாகக் களப்பணி. திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள். வேப்பமரத்தடியில் மனு எழுதிக்கொண்டிருந்தவரிடம் போய், "அண்ணே, மோட்டார் எரிஞ்சிருச்சு, மாத்திக் குடுங்கன்னு ஒரே வரியில எழுதித் தாங்க" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு வரிக்கு எப்படிங்க சார் காசு கேக்கறது? உள்ள வாங்கறவங்களும் இதை மனுன்னு நம்பணுமில்ல? நீங்களே எழுதிக்குங்க" என்று தாளையும் பேனாவையும் கொடுத்துவிட்டார்.

திண்ணையில் உட்கார்ந்து எழுதினேன். மோட்டார் எரிந்துவிட்டது. முற்றுப்புள்ளி வைக்கப் போனேன். பேனா நிற்கவில்லை: '...என்பது தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவரலாகிறது.'