உப்புக்காற்று நிரபராதி

ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி வரை எந்தப் பொருள் கெட்டாலும் குற்றவாளி ஒருவர்தான்: உப்புக்காற்று. ஜன்னல் கம்பி இற்றுப்போனாலும் அவர்தான், பைக் செயின் இறுகினாலும் அவர்தான், ஃபேன் முனகினாலும் அவர்தான். இந்தக் குற்றச்சாட்டுகளில் முக்கால்வாசி உண்மை. அதனால்தான் மீதிக் கால்வாசியை யாரும் விசாரிப்பதில்லை. கடற்காற்று உலோகத்தை என்ன பாடு படுத்துகிறது என்று பார்ப்பதற்கென்றே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் தன் ஆயுள் முழுக்கத் துருவோடு மல்லுக்கட்டியது. எனவே ஒரு லாட்ஜின் வரவேற்பு மேஜைக் கம்ப்யூட்டரோ, இ-சேவை மையக் கம்ப்யூட்டரோ தினமும் ராத்திரி ஷட்டவுன் கொடுத்ததும் அணையாமல், ‘இன்ன முகவரியிலுள்ள நினைவகத்தைப் படிக்க முடியவில்லை’ என்று ஒரு பெட்டியைக் காட்டிக்கொண்டு நின்றால், ஊர்த் தீர்ப்பு தயாராகவே இருக்கும். இந்த ஒரு வழக்கில் மட்டும் உப்புக்காற்றுக்காக வாதாட யாராவது வேண்டும் என்பது என் கட்சி.

என் முதல் சாட்சி நேரம். துரு நேரம் பார்த்து வேலை செய்யாது. ராம் அட்டையின் முனை கறுத்திருந்தால் கம்ப்யூட்டர் காலையில் சுவிட்ச் போட்டதுமே பீப் பீப் என்று கத்தும். அல்லது மத்தியானம், ரூம் கேட்டு நாலு குடும்பம் மேஜை முன் நிற்கும்போது, நீலத் திரையைக் காட்டி உயிரை விடும். பகல் பூராவும் வாய் பேசாமல் பில் போட்டுவிட்டு, ராத்திரி அணைக்கும்போது மட்டும், தவறாமல், அதே பெட்டியை அதே புரோகிராமின் பெயரோடு நீட்டினால் அது துரு இல்லை. துருவுக்கு அவ்வளவு ஒழுக்கம் கிடையாது. ஆனால் பெட்டியில் ‘நினைவகம்’ என்று பார்த்ததும் மெக்கானிக்கின் கை தானாக ராம் அட்டைக்குப் போகிறது. அதை உருவி, பள்ளிக்கூடப் பிள்ளையிடம் வாங்கிய ரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகி, கூலியும் வாங்கிக்கொள்கிறார். பெட்டியில் உள்ள முகவரி அந்த அட்டையின் முகவரியே அல்ல. ஒவ்வொரு புரோகிராமுக்கும் விண்டோஸ் தனித்தனியாக எழுதிக் கொடுக்கும் கற்பனை முகவரி அது. பல நேரம் அதில் இருப்பது வெறும் பூஜ்யங்கள். முதல் 64 கிலோபைட்டில் எந்தப் புரோகிராமும் குடியேறக் கூடாது என்று விண்டோஸ் வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறது, வழி தவறி வருகிறவனைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக. அதாவது அந்தப் பெட்டி ஒரு கைது அறிவிப்பு. கைதானவன் பெயர் மேலேயே எழுதியிருக்க, நாம் ரப்பர் தேடுகிறோம்.

சரி, அவன் ஏன் ராத்திரி மட்டும் பிடிபடுகிறான்? ஷட்டவுன் கொடுத்ததும் விண்டோஸ் உடனே விளக்கை அணைத்துவிடுவதில்லை. திறந்திருக்கும் ஒவ்வொரு புரோகிராமிடமும் ‘முடித்துக்கொள்ளலாமா?’ என்று கேட்கிறது. 5 வினாடிக்குள் பதில் வராவிட்டால், முரண்டு பிடிக்கிறவர்களின் பட்டியலைத் திரையில் போட்டு, ‘எப்படியும் அணைக்கவா?’ என்று நம்மையே கேட்கிறது. புரோகிராம்களும் தாங்கள் வாங்கிய இடங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கின்றன. இதில் வரிசை தவறினால்தான் வம்பு. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி உட்கார்ந்திருக்கும்போதே பந்தல்காரர் கீற்றைப் பிரிக்க ஆரம்பித்தால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கிறது: ஒரு பகுதி இடத்தை ஒப்படைத்துவிட்டது, இன்னொரு பகுதி அங்கேயே இன்னும் இலையைத் தேடுகிறது. பகலில் யாரும் எதையும் பிரிப்பதில்லை. அதனால் பகலில் பிழையும் இல்லை. ஓர் இ-சேவை மையக் கம்ப்யூட்டரின் வலது மூலையைப் பாருங்கள். கைரேகைக் கருவி, ஸ்கேனர், பிரின்டர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் என்று ஒவ்வொன்றும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் தன் ஆள் ஒருவரை உட்கார வைத்திருக்கும். பிரின்டரை எடைக்குப் போட்டுவிட்டாலும் அதன் ஆள் போவதில்லை. காலையில் முதலாவதாக வந்து, ராத்திரி எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

திறப்பதைவிட மூடுவது சிரமம் என்பதற்கு இந்தக் கடற்கரைக்காரர்கள் வெளியூர் போய்ச் சாட்சி தேட வேண்டாம். 2025 ஏப்ரல் 6 அன்று பிரதமர் திறந்துவைத்த புதிய பாம்பன் பாலத்தில், நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் உயரம் எழும்புகிறது. திறப்பு விழாவன்று அழகாக எழும்பியது. கப்பல் கடந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு கீழே இறக்கும்போதுதான் மக்கர் செய்தது; பொறியாளர்கள் கவனித்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அன்றைக்குப் பாலம் புத்தம் புதிது; பழியை உப்புக்காற்றின் தலையில் மட்டும் போட முடியாது. தூக்குவதற்கு வானம் காலியாக இருந்தால் போதும். இறக்கும்போது இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் உட்கார வேண்டும், தண்டவாளத்தோடு தண்டவாளம் சேர வேண்டும், பூட்டு விழ வேண்டும். அதற்குப் பிறகுதான் ரயிலுக்கு வழி. இத்தனை பேர் சம்மதிக்க வேண்டிய காரியத்தில் ஒருவர் முணுமுணுக்கத்தான் செய்வார். மைக்ரோசாஃப்டும் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு அணைய மறுத்து அடம்பிடித்ததால், ஷட்டவுனுக்கென்றே தனியாக ஓர் இணைப்பு மென்பொருள் வெளியிட்டார்கள்.

‘காற்று இல்லையென்றால் கரண்ட்’ என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமானதுதான், மின்சாரம் போய் வருவது கம்ப்யூட்டருக்கு ஆகாது. ஆனால் கரண்ட் செய்த கொலைக்குக் கையெழுத்து உண்டு. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் எல்லாம் பதிவாகிறது: யாரோ முறையாக ஷட்டவுன் கொடுத்திருந்தால் 1074, திடீரென்று உயிர் போயிருந்தால் மறுநாள் 41ம் 6008ம். தினமும் 1074 விழுந்திருக்கிறது, பக்கத்திலேயே ஒரு புரோகிராம் செத்த பதிவும் இருக்கிறது என்றால், மின்வாரியத்தையும் விடுதலை செய்துவிடலாம். ‘இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, பவர் பட்டனை நாலு வினாடி அமுக்கினால் அணைந்துவிடுகிறதே’ என்பவர்கள் இன்னொரு கட்சி. அணையும். வட்டில் எழுதிக்கொண்டிருந்த கணக்கும் பாதியில் அணையும். அமுக்காமல் வீட்டுக்குப் போனாலோ, பெட்டி ஓகேக்காகக் காத்திருக்க, நடுராத்திரி கரண்ட் போய், யூபிஎஸ் தெரு முழுவதையும் எழுப்பும். ‘புதுசு வாங்கிவிடலாம்’ என்பவர் பழைய பிரின்டர் மென்பொருளை முதல் நாளே புதுசிலும் ஏற்றப்போகிறார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கே வியப்பாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஷட்டவுன் என்பது பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் முழு ஷட்டவுனே அல்ல. காலையில் சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக, உள்மையத்தின் நிலையை அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று பெயர். நேற்றுக் கோளாறாக நின்ற டிரைவர் இன்றும் அதே கோலத்தில் எழுகிறது. சந்தேகம் இருந்தால் டாஸ்க் மேனேஜரில் ‘அப் டைம்’ பாருங்கள்: தினமும் பயபக்தியோடு அணைக்கும் கம்ப்யூட்டர் பல நாளாகத் தொடர்ந்து ஓடுவதாகச் சொல்லும். உண்மையில் எல்லாவற்றையும் இறக்கிவைத்து எழுவது ரீஸ்டார்ட்தான். ‘ரீஸ்டார்ட் கொடுத்தா சரியாயிருது, அணைச்சுப் போட்டா மறுபடி வருது’ என்ற புலம்பலில் மர்மம் ஒன்றுமில்லை.

ஆக, விசாரிக்க வேண்டியது ராத்திரி பத்து மணியை அல்ல, காலையில் தானாக வந்து உட்கார்ந்தவர்களை. எம்எஸ்கான்ஃபிக் என்று தட்டி, மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைத்து, மிச்சத்தில் பாதியை நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, பிறகு அணைத்துப் பாருங்கள். பெட்டி வராவிட்டால் குற்றவாளி நிறுத்திய பாதியில் இருக்கிறான். வந்தால் மற்றப் பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் முப்பது பேர் இருந்தாலும் ஐந்து தடவையில் ஒருவன் மிஞ்சுவான். அவனுடைய மென்பொருளைப் புதுப்பியுங்கள், அல்லது நீக்குங்கள். இரண்டு புரோகிராம்கள் சேர்ந்து செய்யும் கூட்டுக் களவில் இந்த முறை கொஞ்சம் திணறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் ராம் அட்டையைத் தொடுமுன் விண்டோஸிலேயே இருக்கும் நினைவகச் சோதனையை ஓடவிடுங்கள், அதற்குக் காசு இல்லை. சோதனையில் அட்டை தோற்றால் உப்புக்காற்றின் மீது தாராளமாக வழக்குப் போடலாம். அதுவரை பெட்டியின் தலைப்பில் உள்ள பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்து, மெக்கானிக் வந்ததும் முதலில் அதைக் கொடுங்கள்.