தண்ணியில்லாக் காட்டில் ஒரு மேட்ச்

“தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்” என்று மந்திரிகள் அதிகாரிகளை மிரட்டும்போது, அந்தக் காடு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நாங்களும் சொல்வதில்லை. அரூருக்கு மாற்றலாகி வந்த எத்தனையோ பேர் பெட்டியைப் பிரிக்கும் முன்பே சென்னைக்கு மனு எழுத உட்கார்ந்ததைப் பார்த்த ஊர் இது.

பண்டைய கிரேக்கத்தில் இந்த மிரட்டலுக்குப் பெயர் ஒலிம்பிக். கியோஸ் தீவில் ஒரு எஜமானர், சொன்ன பேச்சு கேட்காத அடிமையிடம், “உன்னைத் திரிகையில் பூட்ட மாட்டேன், ஒலிம்பியாவுக்குக் கூட்டிப்போய்விடுவேன்” என்றாராம். ஏலியன் என்ற எழுத்தாளர் எழுதிவைத்திருக்கிறார். கோடை உச்சியில் கூட்டம், ஈ மொய்ப்பு. ஈயை விரட்ட சீயஸ் சாமிக்குத் தனியாக ஒரு பலி வேறு. குடிக்கத் தண்ணீர்தான் சரியாகக் கிடையாது. போட்டிகள் தொடங்கியது கி.மு. 776 என்பது வழக்கமான கணக்கு. ஏறக்குறைய 900 வருஷம் கழித்து, ஹெரோடீஸ் அட்டிகஸ் என்ற பணக்காரர் மனமிரங்கி வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார். உடனே எதிர்ப்பும் வந்துவிட்டது. பெரெக்ரினஸ் என்ற தத்துவஞானி, ‘பார்வையாளன் தாகத்தைத் தாங்க வேண்டும், தண்ணீர் கொடுத்து கிரேக்கர்களைக் கெடுக்கிறார்’ என்று முழங்கினார், அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டே. கூட்டம் கல்லைத் தூக்கியது. ஞானி ஓடிப்போய் சீயஸ் பலிபீடத்தில் சரணடைந்து உயிர் தப்பினார். அடுத்த ஒலிம்பிக்கில் அதே ஹெரோடீஸைப் புகழ்ந்து சொற்பொழிவாற்றினார். நம்மூரில் பிறந்திருந்தால் வாரியத் தலைவர் பதவியாவது கிடைத்திருக்கும்.

தூரத்து மேட்சுக்குப் போகிறவனுக்கும் தண்ணீருக்கும் உள்ள பகை அப்போது ஆரம்பித்தது. தண்ணியில்லாத மாவட்டத்துக்காரன் என்பதால் நான் இதைக் கூடுதலாகக் கவனிக்கிறேனோ என்னவோ.

1986 செப்டம்பர், சேப்பாக்கம், ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட். அரூரிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல். பஸ் பிடித்தால் ராத்திரி முழுக்க இடுப்பு ஒடியும். ரயில் வேண்டுமென்றால் முதலில் மொரப்பூர் போக வேண்டும், ஏனென்றால் ரயில் எங்கள் ஊரை எட்டிப் பார்த்ததே இல்லை. புளிச்சோற்றுப் பொட்டலமும் ஒரு துண்டும் போதும், அஞ்சு நாள் டெஸ்ட்டை முடித்துவிடலாம் என்ற காலம் அது. அந்த வெயிலில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்து எடுத்து 210 அடித்தார். முடியவில்லை என்றபோது கேப்டன் ஆலன் பார்டர், அப்படியானால் குயின்ஸ்லாந்துக்காரன் ஒருவனைக் கூப்பிடுகிறேன் என்று சொரணையைக் கிளறினாராம். முடிவில் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து நரம்பு வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். மைதானத்துக்குப் பின்னாலேயே பக்கிங்காம் கால்வாய் நிறையத் தண்ணீர் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அதன் வாசனை பற்றித்தான் ஆஸ்திரேலியர்கள் இன்றுவரை பேசுகிறார்கள்.

கடைசி நாள் இந்தியாவுக்கு 348 வேண்டும். 347 எடுத்து ஸ்கோர் சமமானது. மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. ஒரு பந்து மிச்சமிருந்தும் அந்த ஒரு ரன் வரவில்லை. டெஸ்ட் வரலாற்றிலேயே இரண்டாவது டை. இதில் பாவப்பட்டவர்கள் யார் என்றால், நாலு நாள் வெயிலில் வெந்து, கைக்காசு தீர்ந்து, ‘டிராதான் ஆகும் விடு’ என்று நாலாம் நாள் ராத்திரி பஸ் ஏறியவர்கள்.

ஆனால் இதெல்லாம் முன்கதை. தூரத்து மேட்சின் மகாபாரதம் 2018.

இரண்டு வருஷத் தடை முடிந்து சென்னை சூப்பர் கிங்ஸ் ஐபிஎல்லுக்குத் திரும்புகிறது. அதே வருஷம் பிப்ரவரி 16-ஆம் தேதி காவிரித் தீர்ப்பு: தமிழ்நாட்டுக்கு 192 டிஎம்சி என்று நடுவர் மன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 177.25 ஆக்கியது. மேலாண்மை வாரியம் வரவில்லை, போராட்டம் வந்தது. நாடே தண்ணீருக்குத் தவிக்கும்போது உனக்கு மேட்ச் கேட்கிறதா என்ற கேள்வி. நியாயமான கேள்விதான். ஏப்ரல் 10 அன்று கொல்கத்தாவோடு சேப்பாக்கத்தில் ஆட்டம் நடந்தது; ரஸ்ஸல் அடித்த 11 சிக்ஸரைவிட அதிகம் பேசப்பட்டது, எல்லைக்கோட்டருகே நின்ற ஜடேஜா பக்கம் வந்து விழுந்த செருப்பு. ஓரிரு நாளிலேயே முடிவாகிவிட்டது: மீதி ஆறு உள்ளூர் ஆட்டமும் புனேயில்.

‘உள்ளூர்’ ஆட்டம் புனேயில்! காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைவது எங்கள் மாவட்டத்து ஒகேனக்கல்லில். நுழைகிற ஆறோ அரூர்ப்பக்கம் எட்டிப் பார்க்காமல் மேட்டூருக்குப் போய்விடும். எங்களுக்கு வாய்த்தவை தென்பெண்ணையும் வாணியாறும், அவையும் மனசு வந்தால்தான். ஆனால் காவிரிக்காகப் போன மேட்ச் மட்டும் எங்களுக்கும் சேர்த்தே போனது.

சென்னை அணி ஒரு தனி ரயிலே விட்டது: விசில் போடு எக்ஸ்பிரஸ். சுமார் 1,000 ரசிகர்கள், ரயில், சாப்பாடு, தங்குமிடம், மேட்ச் டிக்கெட் எல்லாம் இலவசம். ஏப்ரல் 19 காலை சென்னை சென்ட்ரலில் புறப்பாடு. அரூர்க்காரனுக்கு இதில் ஒரு பூகோளச் சிக்கல். புனே இருப்பது வடமேற்கே. பெங்களூர் வழியாகப் போனால் கிட்டம். ஓசி ரயிலைப் பிடிக்க அவன் முதலில் கிழக்கே சென்னைக்குப் போக வேண்டும். ஓசி என்றால் நாம் பூமியை ஒருசுற்று சுற்றியும் போவோம் என்பது வேறு விஷயம். காவிரியால் கிளம்பிய அந்த ரயில் கிருஷ்ணாவைத் தாண்டி, பீமாவைத் தாண்டி புனே போய்ச் சேர்ந்தது.

போன இடத்தில் என்ன? தண்ணீர் வழக்கு! பவனா அணைத் தண்ணீரை மைதானத்துக்கு எடுக்கக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் மகாராஷ்டிர கிரிக்கெட் சங்கத்துக்குத் தடை போட்டிருந்தது, ரயில் கிளம்புகிற அதே வாரத்தில். ஒரு தண்ணீர்ச் சண்டைக்குப் பயந்து ஓடியவர்கள் இன்னொன்றின் மடியில் போய் உட்கார்ந்தார்கள்.

மஞ்சள் சட்டைக்காரர்கள் அதற்கெல்லாம் அசரவில்லை. வாட்சன் 57 பந்தில் 106 அடித்தார், ராஜஸ்தான் 64 ரன்னில் தோற்றது. மே 5 அன்று இன்னும் வேடிக்கை. எதிரணி பெங்களூர். காவிரியின் மேல்கரையும் கீழ்க்கரையும் நேருக்கு நேர், காவிரியை வாழ்நாளில் பார்க்காத ஊரில். ஆறு விக்கெட்டில் சென்னை ஜெயித்தது. நடுவர் மன்றமும் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

கோப்பையும் அந்த வருஷம் சென்னைக்குத்தான் வந்தது. சேப்பாக்கம் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றவனுக்கு வந்தது டிவிதான்.

2023 மே 28, அகமதாபாத் இறுதிப் போட்டி. இங்கிருந்து போன மஞ்சள் படைக்கு இந்த முறை தண்ணீர் வானத்திலிருந்தே வந்தது. ஒரு பந்துகூட வீசாமல் ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போக, ரசிகர்கள் அகமதாபாத் ரயில் நிலையத் தரையில் வரிசையாகப் படுத்துத் தூங்கினார்கள். மறுநாளும் மழை குறுக்கே வந்து, சென்னைக்கு 15 ஓவரே மிச்சம். குறைந்துபோன ஐந்து ஓவருக்கான காசைத் திருப்பிக் கேட்கலாம் என்று சிலர் யோசித்திருக்கக்கூடும். அதற்குள் மணி நள்ளிரவைத் தாண்டி, கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டியிருந்தது. ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. அடித்தவர், 2018-இல் பக்கத்தில் செருப்பு விழுந்ததே, அவரேதான்.